படகில் இருந்தவள்

சூச்சோ,
எட்டாம் மாதம், மூன்றாம் நாள்

அன்புள்ள கணவருக்கு,

நான் நலம். நீங்கள் அமோகமாக இருப்பதாக, நீங்கள் கொடுத்தனுப்பிய பட்டுத் துணியைக் கொண்டுவந்த ஊழியன் சொன்னான். “ஐயா வரைஞ்ச மலையப் பாத்து ஆளுநரே எழுந்து நின்னுட்டாரும்மா!” என்றான்.

நீங்கள் எந்த மலையை வரைந்தீர்கள்? ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். என் ஓவியச் சுருள் இல்லை.

மூன்று வருடம் நான் வரைந்ததில் உங்கள் முத்திரையைக் குத்தி ஆளுநருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். படத்தில் படகில் இருப்பது யார் என்று அவர் கேட்டதற்கு, “பதவிய உதறிட்டுப் போற அறிஞர்” என்றீர்களாமே! அது நம் ஜுவான். அம்மையில் போன பிள்ளை. வலப்பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரித்தால், மூங்கில் கரை போய், பனிமூட்டம் போய், அவள் வருவாள். அவளைப் பார்க்க எனக்கு வேறு இடம் ஏது?

சுருள் உடனே வீடு வரவேண்டும்.

யின்ஜூ

நான்ஜிங்,
எட்டாம் மாதம், பதினான்காம் நாள்

அன்பு யின்ஜூ,

கோபப்படாதே. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் என் தலை தப்புமா? என் மனைவி வரைந்தது என்றிருந்தால், ஒரு முழம் விரித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். இப்போது எனக்கு நீதிபதிப் பதவியே வரப்போகிறது.

ஒரே சிக்கல். ஒன்பதாம் மாத விருந்தில் நான் வரைய வேண்டுமாம். எனக்கு ஒரு நாணல்கூட வரைய வராது. ‘தனியறையில்தான் வரைவேன்’ என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ முன்னதாகவே வந்து அந்த அறையில் இருந்துவிடு. ஜுவான் எனக்கும் மகள்தானே?

ஹுவாய்

நான்ஜிங், படகுத்துறை,
ஒன்பதாம் மாதம், எட்டாம் நாள்

ஹுவாய் அவர்களுக்கு,

கூப்பிட்டீர்கள், வந்தேன். நேராக ஆளுநரின் மனைவியிடம் போனேன். சுருளைப் பார்க்க வேண்டும் என்றேன். மேசைமேல் விரித்தார். தூரிகை கேட்டு வாங்கி, படகுக்குப் பக்கத்தில் குடும்பப் பெயரோடு எழுதினேன்: ‘பெய் ஜுவான், வயது ஏழு.’

பின்னால் ஆளுநர் நின்றிருந்தார்.

“யாரும்மா நீங்க? என் படத்துல கிறுக்குறீங்க?”

“இந்தப் பொண்ணோட அம்மாங்க. பெய் ஹுவாய் சம்சாரம். இத வரைஞ்சவ.”

நான் எழுதிய எழுத்தையும் படகை வரைந்த கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். தானே சுருட்டி, நாடா கட்டி, என் கையில் கொடுத்தார்.

“விருந்து நடக்கட்டும். உங்க வீட்டுக்காரர் கூடத்துலயே, எல்லார் முன்னாடியும் வரையட்டும்” என்றார்.

சுருளோடு ஊருக்குப் புறப்படுகிறேன். என் அண்ணன் வீட்டில் இருப்பேன். நீங்கள் அங்கே வரவேண்டாம். நாளைக்கு விருந்துக் கூடத்தில் உங்களுக்கு மை அரைத்து வைப்பார்கள். வரையுங்கள்.

யின்ஜூ