வடக்கு மூலை விளக்கை அணைக்கக் கோரி

அனுப்புநர்:
டெஸ்ஸா ஹாவர்கேம்ப்,
மில் தெரு,
கெல்டன், அயோவா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விளையாட்டரங்குகள் துறை,
கெல்டன் நகராட்சி.

பொருள்: நகர அரங்கின் வடக்கு மூலையில் பதினோர் ஆண்டுகளாக எரியும் விளக்கை அணைப்பது, அதை நிரந்தர நினைவு விளக்காக அறிவிக்கும் முன்மொழிவைக் கைவிடுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லை, அணைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த அம்மையார் நான் மாற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். "அணைக்கக் கூடாதுன்னு எழுதும்மா. ஊரே அப்படித்தான் எழுதிக் குடுக்குது" என்றார். ஊர் எழுதுவது எனக்குத் தெரியும். நான் வேட் ஹாவர்கேம்ப்பின் தங்கை. அந்த விளக்கு எரிவது அவனுக்காகத்தான்.

1. தாங்கள் கெல்டனுக்கு வந்து ஓராண்டு ஆகவில்லை என்று அறிகிறேன். ஆகவே அணியின் வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐஸ் ஹாக்கி அணி ஊரைவிட்டுப் போன பிறகு அரங்கு காலியாகக் கிடந்தது. தரைவிரிப்புக் கடை வைத்திருந்த லென் ஹாவெல்கா அங்கே உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கினார். பெயர் கெல்டன் லாந்தர்ஸ். பனித்தரையின் மேல் பலகை, பலகையின் மேல் செயற்கைப் புல். புல்லைக் கலைந்துபோன வேறோர் அணியிடமிருந்து வாங்கினார். அதன் நடுவில் அந்த அணியின் கரடி முகம் இருந்தது. அதன்மேல் ஒரு லாந்தரை வரைந்தார்கள். நாளடைவில் வண்ணம் தேய்ந்து, லாந்தருக்குள்ளிருந்து கரடியின் கண்கள் மட்டும் வெளியே வந்தன. யாரும் திரும்ப வரையவில்லை.

லாந்தர்ஸ் சேர்ந்த லீக் கலைந்தது. வேறொன்றில் சேர்ந்தார்கள். அதுவும் கலைந்தது. ஆட்டக்காரர்கள் பகலில் இறைச்சி ஆலையிலும் டயர் கடையிலும் வேலை பார்த்தார்கள். சனிக்கிழமை மாலைகளில் ஊரின் பெரிய மனிதர்கள் அவர்கள்தான்.

2. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் எல்லா விளக்குகளும் அணைக்கப்படும். வடக்கு மூலையில், உடைமாற்றும் அறைக்கு மேலே ஒன்று மட்டும் எரியும். கடைசியாக வெளியே வரும் ஆட்டக்காரர் கதவருகே உள்ள சுவிட்சைத் தட்டி அதை அணைத்துவிட்டுப் போவார். அது லாந்தர்ஸ் வழக்கம். குடும்பத்தார் நாங்கள் இருக்கைகளில் காத்திருப்போம். விளக்கு எரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அணைந்தால் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பியாயிற்று.

பெரும்பாலும் கடைசி ஆள் வேட்தான். "கல்யாண மாப்ளை கெளம்பியாச்சா?" என்று என் அம்மா லொரேன் குரல் கொடுப்பார். "தலை காயலம்மா!" என்று உள்ளிருந்து பதில் வரும். காலி அரங்கில் அந்தக் குரல் ஒருமுறை சுற்றிவரும்.

3. உள்ளரங்கக் கால்பந்தில் எல்லைக்கோடு இல்லை. சுவர்தான் எல்லை. மெத்தை கட்டிய சுவர், இடுப்பு உயரம். பந்தைக் கையால் பிடிக்கிறவர் அதன்மேல் போய் விழுவார். முன்வரிசை ரசிகர்கள் அவரை மார்போடு பிடித்து, முதுகில் ஓங்கித் தட்டி, மறுபடி ஆட்டத்துக்குள் தள்ளிவிடுவார்கள். சுவரைத் தாண்டிய பந்து ரசிகருக்கே சொந்தம். தட்டத் தெரியாதவருக்கு முன்வரிசையில் இடமில்லை.

பதினோர் ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் வேட் பந்தைப் பிடித்தான். தலை முதலில் போயிற்று. சுவரின்மேல் துணிபோல் தொங்கினான். அவன் விளையாட்டுக் காட்டுகிறான் என்று எண்ணி முன்வரிசை முழுவதும் அவன் முதுகில் தட்டியது. "எந்திரிடா சோம்பேறி, பந்தை எங்களுக்குக் குடுக்காமப் போகாதே" என்று ஒருவர் சிரித்தார். அம்மாவும் தட்டினார்.

சுவரில் மோதிய அந்தக் கணமே கழுத்து முறிந்துவிட்டது, தட்டியதால் எதுவும் மாறவில்லை என்று மருத்துவர் சொன்னார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யார் தோளையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

4. பனித்தரையைச் சீராக்கும் இயந்திரம் வந்துபோகும் பெரிய கதவு வழியாக வேடைக் கொண்டுபோனார்கள். தூக்குக்கட்டில் அதில்தான் நுழையும். மருத்துவமனை போகும் வழியில் இறந்தான். மற்ற ஆட்டக்காரர்கள் சீருடையோடு அவன் பின்னாலேயே ஓடினார்கள். உடைமாற்றும் அறைப் பக்கம் யாரும் போகவில்லை. சுவிட்சை யாரும் தொடவில்லை.

அடுத்த ஆட்டத்தன்றும் தொடவில்லை. கடைசி ஆள் இன்னும் வரவில்லை என்றார்கள். சொன்னவர்கள் அழுதார்கள். அன்போடு செய்ததுதான்.

5. பிறகு ஹாவெல்கா அணியை வேறோர் ஊருக்கு விற்றார். அங்கே அதற்குப் பெயர் மாறியது. ஓர் ஆட்டப் பருவத்தின் பாதியில் அதுவும் கலைந்தது. லாந்தர்ஸ் என்று இன்று எங்கும் எதுவும் இல்லை. புல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. விளக்கு மட்டும் எரிகிறது. பல்பு போனால் யாரோ மாற்றுகிறார்கள்.

6. என் அம்மா தினமும் மாலையில் அரங்குக்குப் போகிறார். தங்கள் ஊழியர்கள் அவரை அன்பாகவே நடத்துகிறார்கள், அதில் குறையில்லை. குழந்தைகள் பனிச்சறுக்கு பழகுவார்கள். அம்மா பழைய இடத்தில் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். மடியில் உதிர்த்த மாட்டிறைச்சி வைத்த சாண்ட்விச், தாளில் சுற்றியது. ஆட்டம் முடிந்ததும் வேட் கேட்பது அதுதான். அரங்கு மூடும்போது அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார். அவன் இறந்தது அவருக்குத் தெரியும். கல்லறைக்குப் பூ வைக்கிறார். ஆனால் விளக்கு எரிகிறதே என்பார்.

இந்த ஜனவரியில் பனிப்புயலில் ஊருக்கு மின்சாரம் போனது நினைவிருக்கும். அன்றும் அம்மா போனார். இருட்டில் கொஞ்ச நேரம் நின்றாராம். திரும்பி வந்து மேலங்கியை ஆணியில் மாட்டினார். "கெளம்பிட்டான் டெஸ்" என்றார். அடுப்பருகே உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சூப் குடித்தார். மறுநாள் விடிந்து வெகுநேரம் வரை தூங்கினார். அவர் அப்படித் தூங்கி நான் கண்டதில்லை.

மின்சாரம் வந்தது. விளக்கு தானாகவே எரிந்தது.

"மறுபடி உள்ள போயிட்டான்" என்று சொல்லி மேலங்கியை எடுத்தார்.

7. ரசிகர் மன்றத்தாரிடம் பேசிப் பார்த்தேன். "விளக்கு அணைஞ்சா அவன் இன்னொரு தடவை செத்த மாதிரி" என்றார்கள். அவர்கள் வேடை நேசித்தவர்கள். அவர்களைக் குறித்து இம்மனுவில் புகார் எதுவும் இல்லை. அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து அந்த விளக்கைப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

8. உடைமாற்றும் அறையில் வேடுக்குப் பக்கத்து அலமாரியை வைத்திருந்த ஆட்டக்காரர் ரூபன் டில்மன் இப்போது டயர் கடை நடத்துகிறார். அன்று தூக்குக்கட்டிலின் பின்னால் ஓடியவர்களில் ஒருவர். அவர் வந்து விளக்கை அணைக்கச் சம்மதித்திருக்கிறார். "ஆனா அந்த உடைமாத்துற ரூம் கதவு வழியாத்தான் வருவேன். பின்பக்கமா போய் ஃபியூஸைப் புடுங்குறதெல்லாம் ஆகாது. உங்கம்மா ஏமாற மாட்டாங்க" என்றார். பிறகு, "கதவு அதே அளவுலதான இருக்கு? நான்தான் அதே அளவுல இல்ல" என்றார்.

ஆகவே பணிவுடன் வேண்டுவது: நிரந்தர விளக்கு முன்மொழிவைத் தாங்கள் கைவிட வேண்டும். நாற்காலிகள் அடுக்கிப் பூட்டியிருக்கும் உடைமாற்றும் அறையை ஒரு மாலைக்குத் திறந்துவிட வேண்டும். திரு. டில்மன் உள்ளே போய், அந்தக் கதவு வழியாக வெளியே வந்து, சுவிட்சை அணைப்பார். அம்மா தன் இருக்கையிலிருந்து பார்ப்பார். பிறகு அந்தப் பல்பைக் கழற்றிவிடுங்கள். வேறு பல்பு போட வேண்டாம். நினைவுக்கு ஏதாவது வைத்தே ஆக வேண்டுமென்றால் கல்லில் வையுங்கள். கல் யாரையும் காத்திருக்கச் சொல்லாது.

என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. அவரை வீட்டுக்கு அனுப்பத் தங்களால் முடியும்.

இப்படிக்கு,
டெஸ்ஸா ஹாவர்கேம்ப்

இடம்: கெல்டன்
நாள்: மார்ச் 12, 2024

பின்குறிப்பு: மனுவை நேரில் கொண்டுவந்தேன். தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். இந்த வரிகளை வரவேற்பறையில் அமர்ந்து எழுதுகிறேன். அரங்கிலிருந்துதான் வருகிறேன். அம்மாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அந்தச் சாண்ட்விச்சைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.