பட்டங்கள் பின்னால் வரும்

நலம் பெருகுக. இவ்வோலையைச் சுமந்து வரும் குதிரைக்குத் தண்ணீரும், குதிரைக்காரனுக்குச் சோறும் முதலில் தந்தருள்க.

முத்துறை நாட்டு மன்னர் இளவெயினர் திருமுன்பு, வேங்கைமலை வேந்தர் ஆழியங்கோவின் ஆணைப்படி, ஓலைநாயகம் பெருந்தேவன் வணங்கி எழுதுவது. தங்கள் துறைகளில் கலங்கள் நிறைக. தங்கள் களங்களில் நெல் குன்றாகுக. தங்கள் அரண்மனையில் உறக்கம் இனிதாகுக. தங்கள் பட்டங்களில் ஒன்றும் விடுபடவில்லை. அவை முத்திரைக்குக் கீழே, ஓலையின் இறுதியில் நிற்கின்றன. இதனை அவமதிப்பெனக் கொண்டு படை திரட்டுமுன், ஓலையை முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டருள வேண்டும்.

தங்கள் முடிசூட்டு விழாவில் யானைமேல் அமர்ந்து கட்டியம் கூற, எம் அரண்மனைக் கட்டியக்காரர் கீரந்தையாரை அனுப்புமாறு கேட்டிருந்தீர்கள். அரசர் வரும் வழியில் அவர் பட்டங்களை முழங்குவதில் கீரந்தையாருக்கு நிகர் எவருமில்லை என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி. அவர் எல்லோருக்கும் சற்று முன்பே ஒப்புக்கொண்டவர். ‘விண்முழக்கு’, ‘வேந்தன்வாய்’, ‘இடிக்கு அண்ணன்’ என்று அவருக்கே பட்டங்கள் உண்டு. அவர் கத்தரிக்காய் விலை கேட்டால் கடைவீதி எழுந்து நிற்கும். அத்தகையவரை உடனே அனுப்பாமல் காலம் தாழ்த்தியது ஏனென்று கூறவே இவ்வோலை. அவையோர் பேசியதை, தங்கள் காதுக்கென்று செப்பம் செய்யாமல், பேசியபடியே எழுதியிருக்கிறது, பொறுத்தருள்க.

எம் நாட்டில் குற்றவழக்கை அரசர் தீர்ப்பதில்லை. குடிகளின் பெயர் எழுதிய ஓலை நறுக்குகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுப்பார்கள். பெயர் வந்த ஒன்பது பேர் அறவை என்னும் வழக்குமன்றில் அமர்ந்து, வழக்கைக் கேட்டு, குற்றம் உண்டு அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னதை அரசரும் மாற்ற இயலாது. ‘குடவோலை காத்த கோவே’ என்று கீரந்தையாரே எம் வேந்தரை ஆயிரம் முறை புகழ்ந்து முழங்கியிருக்கிறார். தம் பெயரும் அந்தக் குடத்துக்குள்தான் கிடக்கிறது என்பது மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பெயர் வந்தது. கீரந்தையார் அறவை வாயிலுக்குச் சென்று, தமக்குத் தொண்டை அடைத்துவிட்டது, குரல் அறவே எழும்பவில்லை என்று முறையிட்டார். அந்த முறையீட்டில் மாடத்துப் புறாக்கள் அனைத்தும் பறந்தன. வாயில்காவலன் காதைத் தேய்த்துக்கொண்டு, “பேசறதுக்கு உங்களைக் கூப்பிடலை ஐயா, கேக்கறதுக்குத்தான் கூப்பிட்டாங்க” என்றான்.

அறவை வாயிலில் சுவரோரம் மரமுளைகள் அறைந்திருக்கும். செருப்பு, குடை, வாள், பட்டம் ஆகியவற்றை அங்கே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். பட்டத்தை முளையில் மாட்டுவது எங்ஙனம் என்று கீரந்தையார் வினவினார்.

“மாட்டிட்டேன்னு சொன்னாப் போதும் ஐயா. யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க.”

உள்ளே அவரைக் ‘கீரந்தை’ என்று மட்டும் அழைத்தார்கள். யாரையோ அழைக்கிறார்கள் என்று எண்ணி அவர் சும்மா நின்றார். பலகையில் அவருக்கு அருகே வாய்த்தவர் செக்காட்டும் சேந்தன். எண்ணெய் வாடை வீசும் அந்த மனிதர், “கொஞ்சம் தள்ளி உக்காரும் கீரந்தை, முழங்கால் நீட்டணும்” என்றார். அரசரின் வாயாகிய பெருமகனார் தள்ளி உட்கார்ந்தார். அன்று நண்பகல்வரை ஒன்றும் நடக்கவில்லை. நாட்டின் நீதி என்பது பெரும்பாலும் காத்திருத்தலே என்பதைக் கடினமான பலகை அவருக்கு இடுப்பின் வழியே உணர்த்தியது. கஞ்சி வந்தது, உப்பு மிகுதி. தம் பதவியைக் கருதி வேறு கஞ்சி தரக் கூடுமோ என்று கேட்டார். “அதே பானைதான் கீரந்தை” என்று விடை வந்தது.

பிறகு மணி ஒலித்தது.

அரண்மனையில் மணி ஒலித்தால் அரசர் வருகிறார் என்று பொருள்; அறவையில் ஒலித்தால் குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து வருகிறார்கள் என்று பொருள். முப்பதாண்டுப் பழக்கம் இந்த வேறுபாட்டைக் கேட்டுக்கொண்டிருக்குமா? கீரந்தையார் சட்டென எழுந்தார், நெஞ்சு விரிந்தது, “வேங்கைமலைக் கோவே, வெண்கொற்றக் குடையே, எண்டிசை நடுங்க எழுந்த இடியே!” என்று முழங்கிவிட்டார். அவையே எழுந்தது, காவலர் வேலைத் தாழ்த்தினர், அவைமுதல்வர் வாயிலிருந்த வெற்றிலையை அவசரமாக விழுங்கினார்.

கதவு வழியே வந்தவள் ஒரு வாத்துக்காரி. பெயர் தும்பி. சேலை முழங்கால்வரை சேறு, கையில் விலங்கு. முழக்கத்தைக் கேட்டதும் அவள் பாய்ந்து போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தனக்குப் பின்னால் வரும் பெரியவர் யாரென்று திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. அவை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வராத அரசருக்கு வழிவிட்டு அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“உக்காரும், கீரந்தை” என்றார் அவைமுதல்வர்.

அவர் உட்கார்ந்தார். சுவரோடு ஒட்டிய அந்த உருவம் மட்டும் அவர் கண்ணைவிட்டு நகரவில்லை.

வழக்கு இதுதான். புலிக்கரை உடையார் என்று எம் வேந்தருக்குட்பட்ட ஒரு குறுநிலத் தலைவர்; அவருடைய நிலத்தைவிட அவருடைய பட்டங்கள் நீளமானவை. அவற்றுள் ஒன்று ‘புலியை முறைத்த பெருமான்’. புலி அப்போது கூண்டில் இருந்தது. அவர் யானைமேல் ஏரிக்கரை வழியே வர, முன்னே அமர்ந்து அவருடைய கட்டியக்காரர் பட்டங்களை முழங்க, திருப்பத்துக்கு அப்பால் தும்பி வாத்துக் கூட்டத்தோடு வழியில் நின்றாள். யானை அவளை மிதிக்க மனமின்றி ஒருபுறம் சாய்ந்தது. உடையார் மறுபுறம் சாய்ந்து, வாத்துகள் கலக்கிய சேற்றில் தலைகீழாக இறங்கினார். தோள் முறிந்தது. அரச வழி மறித்த குற்றம் தும்பிமேல் விழுந்தது. மெய்யானால் மலைக்கு அப்பால் உப்புவெளிக்குத் துரத்துவார்கள், போனவர் மீண்டதில்லை.

உடையாரின் கட்டியக்காரர் தாம் ‘விலகு’ என்று விதிப்படி, தெளிவாக, உரக்கச் சொன்னதாக ஆணையிட்டார். அவர் சொன்னதைக் கேட்டதாகக் கரையிலிருந்தோரும் சொன்னார்கள். எப்போது கேட்டது என்று அவர்களை யாரும் வினவவில்லை. தும்பியைக் கேட்டார்கள்.

“சத்தம் கேட்டுச்சுங்க. கேக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். இடி, மலை, புலின்னு என்னென்னவோ வந்துச்சு. கும்பிடணுமா, ஓடணுமா, விழுந்து கிடக்கணுமான்னு ஒண்ணும் சொல்லல. சொல்லுவாங்கன்னு கைகட்டி நின்னேன். சொல்றதுக்குள்ள யானை வந்துருச்சு.”

அவை மீண்டும் சிரித்தது. அவள் வேறொன்றும் வேண்டவில்லை. “எம்மக நிறைமாசமா இருக்கா. துரத்துறதா இருந்தா அவ பெத்தெடுத்தப்புறம் துரத்துங்க” என்றாள். சிரிப்பு அங்கே நின்றுபோயிற்று.

ஒன்பதுபேரும் உள்ளறையில் கூடினார்கள். ‘விலகு’ என்று சொன்னது உண்மை, விலகாததும் உண்மை, பிறகென்ன என்று பலர் எழப்போனார்கள். சேந்தன் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டே பக்கத்தில் திரும்பினார்.

“கீரந்தை, இது உம்ம தொழிலாச்சே. அந்த ‘விலகு’ எங்க வரும்? முன்னாலயா, பின்னாலயா?”

கீரந்தையாருக்கு வாயடைத்தது. இம்முறை மெய்யாகவே. பட்டங்களை ஒன்றொன்றாகச் சேர்த்து நீளமாக்கியது அவருடைய தலைமுறைதான். நீளம் குறைந்தால் புகழ் குறையும். புகழ் குறைந்தால் ‘இடிக்கு அண்ணன்’ வெறும் கீரந்தை. தெரியாது என்று சொல்லிவிடலாம். அரசரின் வாயை யார் பொய்யென்பார்? ஆனால் சுவரோடு ஒட்டி நின்ற சேற்றுச் சேலை கண்முன் வந்தது.

“கடைசியில்” என்றார்.

“கடைசின்னா, யானை எங்க வந்தப்புறம்?”

முப்பதாண்டுகளாக யானைமேல் அமர்ந்து வானத்தைப் பார்த்து முழங்கியவர், ‘விலகு’ என்று சொல்லும்போது யானையின் கால் எங்கே இருக்கிறது என்று ஒருமுறையும் குனிந்து பார்த்ததில்லை. “தெரியாது, சேந்தனாரே” என்றார். ஒரு செக்காட்டியை அவர் ‘ஆர்’ போட்டு அழைத்தது அதுவே முதல் தடவை. அவருக்கே அது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அவை முழுதும் ஏரிக்கரைக்குப் போயிற்று. அதே யானை, அதே திருப்பம், தும்பி நின்ற இடத்தில் சேந்தன், அவர் காலைச் சுற்றி அவளுடைய வாத்துகள். கீரந்தையார் யானைமேல் ஏறி, திருப்பத்தில் தொடங்கி, உடையாரின் பட்டங்களை முறைப்படி முழங்கினார். விரைவும் இல்லை, தாமதமும் இல்லை. ‘புலியை முறைத்த பெருமான்’ என்னும் இடத்துக்கு வந்தபோது யானை நின்றது. அவர் குனிந்து பார்த்தார். தும்பிக்கையின் நுனி சேந்தனின் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்க்க மனித முகம் எவ்வளவு சிறியது, கண் எவ்வளவு பெரியது!

“இன்னும் எத்தனை இருக்கு, கீரந்தை?” என்றார் சேந்தன், நெற்றியை அசைக்காமல்.

“பாதிதான் ஆயிற்று.”

ஏரிக்கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. வாத்துகள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

தீர்ப்பு நாளில் எம் வேந்தரும் வந்தார். இடம் இல்லாமையால் கடைசி வரிசையில், தூணோரம், நின்றார். அறவையில் யாருக்காகவும் எழலாகாது, ஒருவரும் எழவில்லை. இவ்வோலை எழுதுவோன் அதனை அருகிருந்து கண்டான். எத்தனையோ முடிசூட்டுகள் கண்ட கண். ஆயினும் அன்று மயிர்க்கூச்செறிந்தது. நாட்டின் படையும் வேலும் யானையும் அரசரும், ஒரு செக்காட்டி வெற்றிலை மென்று முடிக்கும்வரை காத்துநின்றன.

எம் வழக்கப்படி, தீர்ப்பை அவைக்குச் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் எழுந்துபோய், குற்றம் சாட்டப்பட்டவர் எதிரே கையெட்டும் தொலைவில் நின்று, பெயர் சொல்லி, முகம் பார்த்து அவரிடமே சொல்ல வேண்டும். முகம் பார்த்துச் சொல்ல முடியாத தீர்ப்பைச் சொல்லக் கூடாது என்பது எம் முன்னோர் வைத்த விதி. எட்டுப் பேர் சொன்னார்கள். ஒருவர் ‘உண்டு’ என்று சொல்லப் போய், முகத்தைப் பார்த்ததும் ‘இல்லை’ என்று சொல்லித் திரும்பினார். இறுதியில் கீரந்தையார் போனார். மலைக்கும் கடலுக்கும் கேட்கப் பேசத் தெரிந்தவருக்கு, கையெட்டும் தொலைவில் நிற்கும் ஒருத்திக்குக் கேட்கப் பேசத் தெரியவில்லை. உதடு அசைந்தது; ஓசை வரவில்லை. தும்பியே அஞ்சி, “மெதுவாச் சொல்லுங்க ஐயா, கேக்குது” என்றாள்.

“தும்பி, உன்மேல் குற்றம் இல்லை. உன் மகளிடம் போ.”

அவ்வளவு மெல்லிய குரலை அவர் மனைவி வெண்ணியும் கேட்டதில்லையாம். விலங்கு கழன்றது. வாயில் முளையில் மாட்டிய பட்டங்களை எடுத்துக்கொள்ளுமாறு காவலன் நினைவூட்ட, கீரந்தையார் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அன்றே எம் வேந்தர் ஆணை பிறப்பித்தார். இனி இந்நாட்டில் கட்டியம் கூறுவோர் முதலில் ‘விலகுக’ என்று சொல்க. பிறகு வருபவரின் பெயரைச் சொல்க. பட்டங்களை யானை கடந்த பின்னர், பொறுமையுள்ளோர் கேட்கச் சொல்க. அவ்வாணை எம் வேந்தரின் உலாவிலேயே முதலில் நடந்தது. ‘விலகுக’ என்றதும் வீதி இரண்டாகப் பிரிந்தது, ‘ஆழியங்கோ வருகிறார்’ என்றார் கீரந்தையார், குனிந்து வழியைப் பார்த்தபடி, யானை கடந்தது. பட்டங்கள் தொடங்கியபோது அவரவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும், கையில் பேரக்குழந்தையோடும் ஓரமாய் ஒதுக்கிய வாத்துகளோடும், கடைசிப் பட்டம்வரை நின்று கேட்டாள். அன்று பாதிவரையே கேட்டவள், பட்ட வரிசை என்பது எப்படித்தான் முடியும் என்று அறிய ஆசைப்பட்டாள் போலும்.

“அவ்வளவுதானாய்யா?” என்றாள் தும்பி.

“அவ்வளவுதான், அம்மா.”

அவள் தலையசைத்துவிட்டு வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

ஆகவே மன்னர் அறிந்தருள்க. கீரந்தையார் தங்கள் விழாவுக்கு வர இசைகின்றார். ஆனால் தங்கள் யானைக்கு முன்னே அவர் வாயில் ‘விலகுக’ என்பதும் ‘இளவெயினர் வருகிறார்’ என்பதும் மட்டுமே எழும். இது தங்களுக்கு ஒப்பாயின் யானையையும் ஆளையும் அனுப்புக. ஒவ்வாதாயின் தங்கள் கட்டியக்காரரையே கொள்க. அந்நிலையில் தங்கள் வழியில் நிற்கும் வாத்துக்காரிகளுக்கு முதல்நாளே சொல்லி வைக்குமாறு எம் வேந்தர் தோழமையோடு வேண்டுகின்றார்.

இது வேங்கைமலை வேந்தர் ஆணை. நெருப்பும் நீரும் சான்றாக, வேங்கைப்பூ முத்திரை இட்டது. ஓலை எழுதியவன் பெருந்தேவன். வாசித்துச் சரிகண்டவர் கீரந்தை.

முத்திரைக்குக் கீழே, முன்பு சொன்னபடி, தங்கள் பட்டங்கள்: முத்துறை காவலர், முந்நீர் முழங்கத் துயில்பவர், எதிரிகளின் எதிரி, ஏழிசைக்கு நிழல், நிலவு நாணும் குடையுடையார்; மற்றவை ஓலையின் மறுபுறத்தில் உள்ளன. அதற்குள் தங்கள் யானை எங்கே வந்துவிட்டது என்று ஒருமுறை குனிந்து பார்த்தருள்க.