லெகி நாளும் சனிக்கிழமையும்

கடித எண் 73
பொனொரோகோ, 29 செப்டம்பர் 2025, திங்கட்கிழமை, வகே நாள், காலை மணி 9.10

அன்பு மகள் வியாந்திக்கு உன் தந்தை கஸ்மாடி எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம்; 14ஆம் தேதி வந்த என் முழங்கால் வலி 22ஆம் தேதி தானே போய்விட்டது. தைவானில் நீயும், நீ பராமரிக்கும் பெரியவரும் நலமாயிருக்க இறைவன் அருள்வானாக. புதிய ஒப்பந்தத்துக்காக நீ அனுப்பிய குடும்பச் சம்மதப் படிவம் செப்டம்பர் 8 பிற்பகல் கிடைத்தது. அம்மாவின் பெச்செல் கடலைத் துவையல் வியாபாரம் அந்தப் புதிய நேரலை விற்பனைச் செயலியில் நிலைத்தால் ஊர் திரும்புவேன், இல்லையேல் இன்னும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவேன், அக்டோபர் 15க்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கே இக்கடிதம்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். செப்டம்பர் 6, சனிக்கிழமை, லெகி நாள், மாலை ஏழு மணிக்கு முதல் நேரலை. அம்மா வறுத்த கடலையை மிளகாயும் வெல்லமும் சேர்த்து இடிக்க, நான் கைபேசியைப் பிடித்தேன். 61 பேர் பார்த்தார்கள். அடுத்த சந்தையில் சந்திப்போம் என்று முடித்தேன். நம் சந்தை ஐந்து நாளுக்கொரு முறை, லெகி நாளில்தானே கூடும்? ஆகவே 11ஆம் தேதி வியாழனன்று மறுபடி அமர்ந்தோம். வந்தது உன் சித்தி மட்டுமே, அதுவும், "அக்கா, தலைய வாரிக்கிட்டு உக்காரக் கூடாதா?" என்று கேட்க. 13ஆம் தேதி சனிக்கிழமையோ, ஜகார்த்தாக்காரர்கள் செயலியில் நம் கடைப் பக்கத்தில் காத்திருந்து, "தாத்தா, கடையத் தொறக்கறீங்களா, இல்ல பாட்டியோட சண்டையா?" என்று எழுதியிருந்தார்கள். அதன் பிறகு உண்மையிலேயே சண்டைதான். "உங்க லெகி நாளு சந்தையில கீரை விக்கறவளுக்குத் தெரியும். ஆபீஸ் போறவனுக்கு சனிக்கிழமைதான் தெரியும்" என்றாள் அம்மா. இரண்டு நாள் காபியில் சர்க்கரை இல்லை.

20ஆம் தேதி, சனிக்கிழமை, ஏழு மணிக்கு, தேதி கிழமை சகிதம் எழுதிவைத்த மன்னிப்பை வாசித்தேன். லெகி, வகே, கிளிவோன் என்று ஐந்து பெயர் சுழலும் நம் ஊர் நாள் கணக்கை விளக்கியதும் ஒரு பெண், "தாத்தா, நான் 1998 மார்ச் 6ல பொறந்தேன், எனக்கு என்ன நாளு?" என்றாள். வெள்ளிக்கிழமை, கிளிவோன், பேய் உலவும் நாள் என்றேன். "அதான் என் புருஷன் இப்படிப் பயப்படறானா!" என்று அவள் எழுத, கேள்வி குவிந்தது. கேட்டவர் பிறந்த நாளைப் பொட்டலத்தின் மேல் என் கையாலேயே எழுதி அனுப்புகிறேன். நேற்று முன்தினம் 412 பேர் வந்தார்கள். 130 பொட்டலம் கேட்டிருக்கிறார்கள். அம்மாவும் பக்கத்து வீட்டு சார்த்தியும் இடித்துக்கொண்டே இருக்கிறார்கள், கை போதவில்லை.

இரண்டு சனிக்கிழமையை நம்பி மூன்றாண்டை முடிவு செய்கிறாரே என்று நினைப்பாய். நீ 2019 ஆகஸ்ட் 12 அன்று புறப்பட்டாய்; இன்றோடு ஆறு ஆண்டு, ஒரு மாதம், பதினேழு நாள். அதில் இவ்வீட்டில் தங்கியது பத்தொன்பது நாள். எனக்கு எண்ணத் தெரியும், மகளே. இந்த வியாபாரம் நிலைக்கும்.

உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். பயணச் சீட்டு வாங்கும்போது சனிக்கிழமை மாலை வந்திறங்காதே. ஏழு மணிக்கு நேரலை உண்டு, அழைத்துவர ஆள் இருக்காது.

உன் தந்தை
கஸ்மாடி

இணைப்பு:
1. டிசம்பர் வரையிலான சனிக்கிழமைகளும் லெகி நாட்களும் குறித்த தாள் ஒன்று.
2. பெச்செல் பொட்டலம் இரண்டு. மிளகாய் குறைந்தது பெரியவருக்கு.
3. நீ அனுப்பிய சம்மதப் படிவம், என் கையெழுத்து இல்லாமல்.