செல்லி எழுதிய கிணறு

இயேசு மரி சூசை

பொம்மிடி,
14-2-1971

என் அக்காள் பெற்ற அருமை மருமகள் ராஜமேரிக்கு, மாமன் பிலவேந்திரன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை மதலேனம்மாளும் ஆட்டுக்குட்டிகளும் சுகம். சேலம் ஆஸ்டலில் சோறு எப்படி என்று நீ எழுதவே இல்லை. டீச்சர் டிரெயினிங் படிக்கிற பிள்ளை இளைத்துப் போனால் எங்களைத்தான் ஊர் கேட்கும்.

நீ ஆரம்பித்து என்னை நம்பி விட்டுப்போன மாலைப் படிப்பகம் கொடி கட்டிப் பறக்கிறது. கணக்கு மட்டும் இன்னாசிராஜ் சொல்லித் தருகிறான். மற்றதெல்லாம் நான்தான். அஞ்சாவதோடு நின்றவன் என்று என்னை இப்போது யாரும் சொல்ல முடியாது. போன வாரம் கம்பைநல்லூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஃபீசு எவ்வளவுங்க?" என்று கேட்டார். "காசே கிடையாதுங்க, சும்மாதான் சொல்லித் தர்றோம்" என்றேன். மனுசன் மயங்கி விழாத குறை. இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம்.

உன் கையெழுத்துப் பத்திரிகை 'ராகிக்கதிர்' நாலாம் இதழும் தயார். வழக்கம்போல ஒரே பிரதி, வீடு வீடாகச் சுற்றுகிறது. பின்னால் கருத்து எழுத வெறும் தாள் விட்டிருக்கிறோம். இந்தத் தடவை மாதையன் மகள் செல்லி 'எங்கள் கிணறு' என்று எழுதியிருக்கிறாள். "சென்னப்பன் பெரியப்பாவின் மோட்டார் ஓடும்போது எங்கள் கிணறு இருமுகிறது. அப்புறம் வாளியில் சேறு வருகிறது. நான் ஸ்டேஷன் குழாய்க்குப் போகிறேன்." அவ்வளவுதான். "ஒரு பாம்பாவது சேத்துக்க புள்ள, படிக்கறவங்களுக்கு ருசியா இருக்கும்" என்றேன். "பாம்பு இல்லீங்களே மாமா" என்கிறாள். எல்லாம் நீ பழக்கிய பழக்கம்.

சின்ன விஷயம் ஒன்று. நமக்கு இடம் கொடுத்திருக்கிற கடலைக் குடோனுக்குப் பூட்டு விழுந்திருக்கிறது. குடோன்காரர் அதே சென்னப்பன்தான் என்பது உனக்குத் தெரியும். சாப்பிடும்போது அவர் சம்சாரம் ராணியம்மாள் செல்லி எழுதிய பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னால் திறந்துவிடுவார். படிப்பைக் கவனி.

உன் மாமன்,
பிலவேந்திரன்

*

சேலம்,
18-2-1971

அன்புள்ள மாமாவுக்கு, ராஜமேரி வணக்கம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். சோறு பரவாயில்லை.

பூட்டு சின்ன விஷயம் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்தால்தான் சாவி தருவேன் என்று சென்னப்பன் சொன்னதாக இன்னாசிராஜ் எழுதியிருக்கிறான். அதை ஏன் மறைத்தீர்கள்? குடோன் போய்விட்டால் சாயங்காலம் பிள்ளைகள் உட்கார வேறு இடம் இல்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. பார்த்ததை எழுது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, எழுதியதும் கிழித்தால் அப்புறம் எந்தப் பிள்ளை பேனாவைத் தொடும்? எனக்குப் பரீட்சை முடியும்வரை லீவு கிடைக்காது. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

ராஜமேரி

*

இயேசு மரி சூசை

பொம்மிடி,
23-2-1971

அருமை மருமகளுக்கு மாமன் எழுதுவது. பூட்டு திறந்தது! பக்கமும் கிழியவில்லை! தர்மபுரி கலெக்டர் வந்தாலும் இதைவிட நன்றாகத் தீர்த்திருக்க முடியாது.

நேரே சென்னப்பன் வூட்டுக்குப் போனேன். நாய் குரைத்தது, ஒரு பார்வை பார்த்தேன், படுத்துக்கொண்டது. "அந்தப் புள்ள மேல கோவிச்சுக்காதீங்க. அத எழுதுனது நான்தானுங்க" என்றேன்.

"நீயா?"

"கையெழுத்து புள்ளயோடது, சரக்கு என்னுது."

என்னை மேலும் கீழும் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார் பார், கட்டில் ஆடியது. "அட, நீ அளந்ததா! பென்னாகரம் காட்டுல புலிகிட்ட தீப்பெட்டி கேட்ட ஆளாச்சே நீ! ஏ ராணி, இங்க வா, கெணறு இருமுதுன்னது இவனாம்! இத நெசம்னு நம்பி நான் புதுப் பூட்டு வேற வாங்கிட்டேன்."

அவர் கண் முன்னாலேயே பத்திரிகையில் செல்லி பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். சாவி கைக்கு வந்தது. புலி விஷயத்தில் தீப்பெட்டி கேட்டது உண்மை, அது கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே குடோனில் விளக்கு எரிந்தது. செல்லி மட்டும் அன்றிலிருந்து வரவில்லை. காய்ச்சலாக இருக்கும். நீ நிம்மதியாகப் பரீட்சை எழுது.

உன் மாமன்,
பிலவேந்திரன்

*

சேலம்,
27-2-1971

மாமாவுக்கு,

செல்லிக்குக் காய்ச்சல் இல்லை. எனக்குக் கார்டு போட்டிருக்கிறாள். "அக்கா, எங்கள் கிணறு மாமா கட்டிய கதையாம். ஸ்டேஷன் குழாயில் குடம் வைத்தால், கதைக் கிணற்றுக்காரி வந்துட்டா என்று சிரிக்கிறார்கள். எங்க அப்பாவே வெளியில் தலை காட்டுவதில்லை."

நீங்கள் அவளைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள். அது எனக்குப் புரிகிறது, மாமா. ஆனால் பக்கத்தைக் கிழித்திருந்தால்கூட அங்கே என்னவோ இருந்தது என்று ஊர் கேட்டிருக்கும். உங்கள் பெயர் விழுந்ததும் கேட்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அந்த வீட்டில் தண்ணீர் இல்லை என்பதே பொய்யாகிவிட்டது. மோட்டார் இன்னும் ஓடுகிறது.

குடோன் போனால் போகட்டும். அவள் பெயரை அவளிடம் கொடுங்கள். அதுவரை எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

ராஜமேரி

*

இயேசு மரி சூசை

பொம்மிடி,
11-3-1971

மருமகள் ராஜமேரிக்கு மாமன் எழுதுவது. கொடுத்தாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே பத்திரிகையை எடுத்துக்கொண்டு செல்லி வூட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. குடிக்கத் தண்ணி கேட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்தே, "உங்க கதையில ஒரு கெணறு இருக்குதாமே மாமா, அதுல போயி மொண்டுக்கங்க" என்றாள். நான் எத்தனையோ பேரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவன். இந்தப் பிள்ளையிடம் தோற்றேன். பத்திரிகையையும் பேனாவையும் வாசல்படியில் வைத்துவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். என் பெயரைத் தாள் கிழிகிற மாதிரி அடித்தாள். அவள் பெயரை எழுதினாள். அப்புறம் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று சென்னப்பன் மோட்டார் கொட்டகைக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பெரியப்பா, இத எழுதுனது நாந்தானுங்க. மோட்டார நிறுத்தாம எங்க வூட்டுக்கு வந்து பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ஏன்யா, எதுதான்யா நெசம்?"

"புள்ள சொல்றதுதானுங்க" என்றேன். இன்னும் நாலு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவர் வரவில்லை. சாயங்காலம் மறுபடியும் பூட்டு.

பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டேன். பிளாட்பாரக் கடைசியில் விளக்கடியில் உட்காரச் சொன்னார். ராஜமேரி, நீ பார்த்திருக்க வேண்டும்! ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. மெயில் வண்டி ஒரு நிமிஷம் நின்று எங்களைப் பார்த்துவிட்டுத்தான் போயிற்று. செல்லிதான் சின்னதுகளுக்கு டிக்டேஷன் போட்டாள்.

நேற்று இருட்டுகிற நேரத்துக்குச் சென்னப்பன் அங்கேயே வந்துவிட்டார். வேட்டியெல்லாம் சேறு. மோட்டாரை ஓடவிட்டுவிட்டு மாதையன் வூட்டுக்குப் போய், தானே வாளியை விட்டு இழுத்துப் பார்த்திருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பின்னால கருத்து எழுதற தாளு இருக்குதில்ல? நானும் ஒண்ணு சொல்லணும்."

நான் பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் போனேன்.

"நீ வேணாஞ் சாமி. நீ எழுதுனா ஊர்ல எவன் நம்புவான்? செல்லி, நீ எழுது."

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். "கெணறு இருமுது. நானே கேட்டேன். இனிமே மோட்டாரு காலையில மட்டுந்தான் ஓடும். ஆனா என் கடலையும் காயுது. அதையும் எழுதிக்க புள்ள." அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். படித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது சாவியைப் பெஞ்சு மேலேயே வைத்துவிட்டுப் போனார். நாளைக்குக் குடோனைக் கூட்டித் தள்ள வேண்டும்.

இதில் நான் எதையும் நீட்டவில்லை. நம்ப மாட்டாய் என்று தெரியும். அதனால் செல்லியையே படிக்கச் சொல்லிக் கீழே எழுதி வாங்கியிருக்கிறேன்.

உன் மாமன்,
பிலவேந்திரன்

அக்கா, படித்தேன். மெயில் நிற்கவில்லை. மற்றதெல்லாம் சரி. எங்கள் வீட்டில் இன்று சாயங்காலம் வாளிக்குத் தண்ணீர் வந்தது. மாமா தபால்காரரைப் பார்த்தால் எழுந்து நின்றுகொள்கிறார். அவருக்குப் பதில் போடுங்கள்.

— மா. செல்லி