தடாகத்துக்கு ஒரு யந்திரம்

1964

வெள்ளி, மார்ச் 6

காலையில் வெயில். மாலையில் மழை, கினிகத்தேனையில் வழக்கமானதே. தடாகத்தின் அடி மறுபடியும் தெரியவில்லை.

கொழும்பிலிருந்து விவரக்கொத்து இரண்டு வந்திருக்கின்றன. நீச்சல் தடாகத்தைத் தானாகச் சுத்தம் செய்யும் யந்திரங்கள். முதலாவது மிதக்கும் பெட்டி. அதிலிருந்து தொங்கும் இரண்டு இறப்பர்க் குழாய்கள் நீரின் விசையால் வால்போல அடித்து அடியையும் சுவரையும் தேய்க்கும். மற்றது சில்லுப் பூட்டிய உறிஞ்சி. மின்சாரம் வேண்டும்; பிடித்துத் தள்ள ஓர் ஆளும் வேண்டும். ஆள் வேண்டுமெனில் 'தானாக' என்பதன் பொருள் என்ன? நீக்கினேன்.

முதலாவதன் உத்தரவாதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். 'சாதாரண உபயோகம்' எது என வரையறுக்கப்படவில்லை. 'இலை' என்ற சொல் எங்குமே இல்லை. தடாகத்தின் மேல் இரண்டு பலா மரங்கள்.

தேவை: மகள் வதனி (இனி வ.). பத்து வயது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சோர்ந்தது. நாள்தோறும் தண்ணீரில் அந்தக் காலுக்கு வேலை கொடுக்க வேண்டும். தவறினால் இப்போது காலில் மாட்டும் இரும்புச் சட்டம் ஆயுள் முழுவதும். டிக்கோயா டாக்டரின் சொல். ஊர்விட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடம் இந்தப் பங்களாவை வாங்கியதே தடாகத்துக்காகத்தான். கலங்கிய தண்ணீரில் இறங்க நான் அனுமதிப்பதில்லை.

என் ஏனைய விதிகள்: இடுப்பில் காற்றடித்த டியூப். தாய் கையைப் பிடித்திருத்தல். கால் மணித்தியாலம். பாசி தேய்க்கும் வேளையில் பிள்ளை அருகிலும் போகலாகாது, அடி வழுக்கும்.

சனி, மார்ச் 7

மூடுபனி. கோர்ட்டு இல்லை.

பாக்கியம் வந்தாள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருப்பவள். செவ்வாய், வியாழன், சனி தடாகம் தேய்க்க வருகிறாள். அவள் தொடர்பாகச் சில ஐயங்கள்.

நான் வீட்டில் இருக்கும் சனிக்கிழமைகளில் வேலை சீக்கிரம் முடிகிறது. நான் வழக்குப் பேச ஹட்டனுக்குப் போகும் நாட்களில் மத்தியானம் வரை இழுபடுகிறது. தவிர, பாசி தேய்க்கும் தும்புத்தடியின் நீளக் கைப்பிடியில் ஒரு முழத்துக்கு மேல் குறைகிறது. முறிவு அல்ல, மரம் அறுக்கும் வாளின் வெட்டு. வெட்டிய முனையில் துணி சுற்றப்பட்டிருக்கிறது. துணி என் பழைய வேட்டி. ஆகவே வீட்டுக்குள் இருந்தும் உதவி கிடைத்திருக்கிறது.

கூப்பிட்டுக் கேட்டேன். ஏன் இவ்வளவு நேரம்?

"பாசிங்க ஐயா. இங்க தேச்சா அங்க போயி ஒக்காந்துக்குது."

"கைப்பிடியை அறுத்தது யார்?"

"தெரியலிங்களே. கரையான் ஏதும் அரிச்சிருக்குமோ என்னவோ."

"கரையானிடம் வாள் இருக்கிறதா?"

கதவுக்குப் பின்னால் வ. சிரித்தாள். சரசு, என் மனைவி (இனி ச.), அடுக்களையிலிருந்து: "இஞ்சேருங்கோ, தும்புத்தடிக்கும் குறுக்கு விசாரணையோ?"

யந்திரத்துக்குத் தந்தி அடித்தேன்.

திங்கள், மார்ச் 9

கொழும்பு முகவர் பெனடிக்ட் பெட்டியோடு வந்தார். இளைஞர், வாசனைத் தைலம் அதிகம். ஒரு வாரப் பரீட்சைக்கு விட்டுப்போகச் சம்மதம், எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

"தண்ணியில விட்டாச் சரி சேர். மத்ததெல்லாம் அதே பாத்துக்கும்."

"குழாய் பிள்ளையின் காலில் சுற்றிக்கொண்டால்?"

"பிள்ளை எறங்குறப்ப தூக்கிக் கரையில வச்சிருங்க சேர்."

"தூக்கி வைப்பது யார்? தானாகவா?"

"சேருக்கு விக்கிறத விட ஜட்ஜுக்கு வித்திரலாம்" என்றார் ஓடை நீர் வரும் குழாயைப் பெட்டியில் முடுக்கிக்கொண்டே.

பாக்கியத்துக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, இந்த வாரம் வர வேண்டாம் என்றேன். "சரிங்க" என்றாள். பார்த்தது என்னை அல்ல, ச.வை. குறித்துக்கொண்டேன்.

புதன், மார்ச் 11

நல்ல வெயில்.

யந்திரம் வேலை செய்கிறது. குறை எதுவும் அகப்படவில்லை. அதுவே மனத்துக்குச் சரியாகப் படவில்லை. அடியில் பதித்த வெள்ளைக் கற்களைக் கரையில் நின்று எண்ணலாம். இலைகளை மட்டும் நான் பொறுக்கினேன்.

மாலையில் வ.வை இறக்கினோம். என் விதிப்படி டியூப், தாயின் கை. குளிர்கிறது என்று அழுதாள். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது, அழுகை எதற்கு? காலை அசைக்கவேயில்லை. கால் மணித்தியாலம் முடியுமுன் தூக்க வேண்டியதாயிற்று.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அடுக்களையில் பேச்சு.

வ.: "அந்தப் பெட்டிதானே எல்லாம் செய்யுது அம்மா. நான் இனி என்ன செய்யிறது?"

ச.: "மெல்லக் கதை. அப்பாவுக்குக் கேக்கப்போகுது."

கேட்டது. உள்ளே போகவில்லை. எனக்குக் கேட்கக் கூடாதது என்ன?

வெள்ளி, மார்ச் 13

ஹட்டனில் என் வழக்கு ஒத்திவைப்பு. எவருக்கும் அறிவிக்காமல் முந்திய பஸ்ஸில் திரும்பினேன். இறங்கியது பின்பக்கத்துக் குறுக்குப் பாதை அருகே. அறிந்தே செய்தேன்.

யந்திரம் கரையில் கிடந்தது, நீர் அடைக்கப்பட்டு. ச. படியில் உட்கார்ந்து முன்வாசல் கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். காவல்! வர வேண்டாம் என்று நான் சொன்ன பாக்கியம் தண்ணீரில்.

செம்பரத்தை வேலிக்குப் பின்னால் நின்றேன். கண்டதைக் கோர்ட்டுச் சத்தியக் கடதாசிக்கு எழுதுவதுபோல் எழுதுகிறேன்.

தண்ணீர் பாக்கியத்துக்கு இடுப்பளவு, வ.வுக்கு நெஞ்சளவு. டியூப் கரையில். இரும்புச் சட்டம் கரையில். தும்புத்தடி ஒன்று, ஆட்கள் இருவர். நடுவில் பிடித்திருந்தது பாக்கியம். துணி சுற்றிய முனையைப் பிடித்துத் தள்ளியது என் மகள். ஒவ்வொரு தள்ளுக்கும் ஓர் அடி. இடது காலும் தரையில் ஊன்றித்தான்.

"இந்த மூலையில இன்னும் இருக்குங்கக்கா."

"பாசி எங்கயும் ஓடிறாது பாப்பா. நீ மொதல்ல கால ஊணு."

"நீங்க இழுக்காதீங்க. நான்தானே தள்ளுறேன்."

"ஆத்தாடி, பெரிய கங்காணி வந்துட்டாங்க! சரிங்க கங்காணி, தள்ளுங்க."

யாழ்ப்பாணத்துப் பிள்ளை பாக்கியத்தைப் போல 'ங்க' போட்டுப் பேசுகிறது.

எனக்கு இன்னும் ஐயம். பாரத்தைத் தாங்குவது பாக்கியத்தின் கையாக இருக்கலாம். பிள்ளை வெறுமனே இழுபடலாம். அவள் கையை விட்டால் தெரிந்துவிடும். காத்திருந்தேன்.

விட்டாள். மிதந்து வந்த பலா இலையை எடுக்க.

வ. விழவில்லை. தடியைத் தனியே தள்ளிக்கொண்டு மூலை வரை போனாள். அங்கே நின்றாள். திரும்பினாள்.

ச. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் வேலியைத் தாண்டவில்லை. வந்த வழியே இறங்கி, சந்தியில் ஒரு கடையில் பாலில்லாப் பிளேன்டி குடித்தேன். சீனி போட மறந்து பாதி முடித்துவிட்டேன். வழக்கமான பஸ் வரும் நேரத்துக்கு முன்வாசலால் வீட்டுக்கு வந்தேன்.

"வழக்கு எப்பிடி?" என்றாள் ச.

"ஒத்திவைப்பு."

வ.வின் தலைமயிர் ஈரம். கேட்கவில்லை.

திங்கள், மார்ச் 16

மழை. கோர்ட்டுக்குப் போகவில்லை, ச.விடம் மூக்கடைப்பு, தடிமன் என்றேன். பெனடிக்ட் வந்தார்.

"என்ன சேர், பெட்டியில கோளாறா?"

"இல்லை."

"தண்ணி சுத்தமாகலியா?"

"ஆயிற்று."

"அப்ப ஏன் சேர் வேணாங்கிறீங்க?"

உத்தரவாதத்தில் இலை பற்றி ஒன்றுமில்லை என்றேன். பெட்டியை வான் வண்டியில் ஏற்றும்போது சாரதியிடம் என்னைப் பற்றி ஏதோ சொன்னார்; இருவரும் சிரித்தார்கள். போகட்டும்.

மேசனை வரவழைத்துத் தடாகத்தின் சுவரோரம், வ.வின் நெஞ்சளவு உயரத்தில், கயிறு கட்ட வளையங்கள் பதிக்கச் சொன்னேன். பாக்கியம் வழுக்கி விழாமலிருக்க என்று காரணம் சொன்னேன். "பாக்கியத்துக்கு இது இடுப்பளவுதானுங்களே?" என்றான். அளவு நான் சொன்னதுதான் என்றேன்.

நாளை முதல் பாக்கியம் முன்போலவே வரட்டும்: செவ்வாய், வியாழன், சனி.

இனிச் சனிக்கிழமைகளிலும் எனக்கு ஹட்டனில் வேலை இருக்கிறது என்று ச.விடம் அறிவித்தேன்.

"சனியிலை கோர்ட்டு இல்லையே?"

"இருக்கிறது."

"எந்தக் கோர்ட்டு?"

வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகப்படுகிறாள்.

சனிக்கிழமைகளில் மத்தியானம் வரை எங்கே போய் உட்காருவது என்று யோசிக்க வேண்டும்.