திரையின் மறுமுனை

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அந்துருண்டை வாசனையையும் மீறிக்கொண்டு வேர்க்கடலைத் தூசியின் வாசனை வந்தது. எத்தனை முறை துவைத்தும் போகாத வாசனை. வாரா வாரம் திறக்கிற பெட்டிதான், வாரா வாரம் எடுக்கிற திரைதான். இன்றைக்கு மட்டும் எனக்கு வயிறு எரிந்தது. நீயும் நானும் நாடக சிகிச்சை படித்தோமே, அந்தப் பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து இன்று ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்தத் திரையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம். கீழே உன் பெயரை எழுதி, பக்கத்தில் 'முன்னோடி' என்று போடுவார்களாம். உன்னைத் தேறவில்லை என்று சொல்லி அனுப்பிய அதே இடம்!

அறுபதுகளில் அந்தப் படிப்பின் பெயரைச் சொன்னாலே செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். "பைத்தியத்துக்கு நாடகம் போடப் போறீங்களா?" என்று என் அண்ணனே கேட்டான். பட்டணத்தில் பாடம் முடிந்ததும் ஆளுக்கொரு நோயாளிக் குழுவைச் சொந்த ஊரில் நடத்திக் காட்ட வேண்டும், தேர்வாளர் நேரில் வந்து பார்த்துத்தான் சான்றிதழ் கொடுப்பார் என்றார்கள். நமக்கு இடம் கொடுக்க ஊரில் யாரும் முன்வரவில்லை. மேல்சித்தாமூரில் இருந்த உன் நைனாதான் செஞ்சிக் கடை வீதியில் வேர்க்கடலை மூட்டை போடும் தன் மல்லாட்டை குடோனைத் திறந்துவிட்டார். மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் நாம் உட்கார்ந்தோம். ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை தெரியும். சமண வீட்டுப் பெண்ணான நீ பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் எல்லாம் மதியமே முடிந்துவிடும்.

திரை உன் யோசனை. கூத்தில் வேஷக்காரர் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று பாடித் தன்னை இன்னார் என்று சொல்லி, ஆட்டம் சூடேறிய பிறகுதான் முகம் காட்டுவார். அதுவரைக்கும் அந்தத் துணியை யாரும் தொடமாட்டார்கள். நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். "முகத்தைக் காட்டிக்கினு அழச் சொன்னா யாருடி அழுவாங்க? மறைவுல நின்னா பேச்சு தானா வரும்" என்றாய். பட்டணத்துப் பாடத்தில் இது இல்லையே என்று நான் கேட்டேன். "பாடம் எழுதனவங்க கூத்து பாக்கல போல" என்றாய்.

தொண்டூர் அக்காவை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டுமா? பிள்ளை கிணற்றில் விழுந்து போனதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. புருஷன் கூட்டி வந்து விடுவான், மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், மறுபடி கூட்டிப் போவான். மற்றவர்கள் ராஜாவாகவும் மாமியாராகவும் மாடாகவும் திரைக்குப் பின்னாலிருந்து பேசும்போது கேட்டுக்கொண்டே இருப்பாள். நீ ஒருநாள்கூட அவளை வா என்று கூப்பிட்டதில்லை.

தேர்வாளர் வந்த அன்று அவளாகவே எழுந்தாள். அன்று பரீட்சை உனக்கு. உதவிக்கு வந்த நான் திரையின் மறுமுனையைப் பிடித்திருந்தேன். அவள் பின்னால் போய் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, என் கை கடுக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"நான் கெணறு."

மூட்டைமேல் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நான் கெணறு. புள்ள வந்து வுயுந்துட்டான். தூக்கிவுட எனக்குக் கையில்லியே..."

அப்போதுதான் அந்த மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "திரையை இறக்குங்கம்மா. பேஷண்டோட முகத்தைப் பாக்காம நான் எப்படி மார்க் போடறது?"

"அவங்க சொல்லாம திரை எறங்காது சார்" என்றாய் நீ.

"நான் எக்ஸாமினர்."

"யாரா இருந்தாலும் எறங்காது சார். சித்த உக்காருங்க."

அவர் துணியில் கை வைத்தார். நீ உன் முனையை விடாமலே நடுவில் போய் நின்றாய். பின்னால் பேச்சு நின்றுபோயிருந்தது. அந்நிய ஆண் குரல் கேட்டதும் அக்கா அப்படியே தரையில் குந்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் மறுபடி பேச ஒரு வெள்ளாமைக் காலம் ஆனது. அந்தப் பாவத்துக்கு யார் மார்க் போட்டார்கள்?

மறுநாள் என் குழு காய்கறிச் சந்தை நடித்தது. பேரம் பேசிச் சிரித்தார்கள், அவரும் கைதட்டினார். நான் தேறினேன், நீ தேறவில்லை. நோயாளியிடம் மாற்றம் எதையும் கண்ணால் பார்க்க முடியவில்லையாம், தேர்வாளரை மதிக்கவும் இல்லையாம். நான் பட்டணத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். "மறுமுனை என் கையிலதான் இருந்துது, என்னையும் ஃபெயில் பண்ணுங்க" என்றேன். "நீங்க வெறும் துணி பிடிச்சவங்கதானே" என்று சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கப் போனார். நீ மன்னிப்புக் கேட்டால் மறுபடி பரீட்சை வைக்கலாம் என்றும் ஒரு சலுகை வந்தது.

நீ கேட்கவில்லை. அழவும் இல்லை. நான் நடுத்தெருவில் நின்று கத்தியபோது, "கத்தாதடி. அவருக்குக் கண்ணால பாக்கணும். நமக்குக் காது இருக்குது" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போனாய். அந்த நிதானத்தின்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். பிறகு எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் சான்றிதழ் இல்லாத உன்னை உள்ளே விடவில்லை. நான் உள்ளே போவேன், நீ கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பாய். என்ன நடந்தது என்று நான் வந்து சொல்ல, அடுத்து என்ன செய்யலாம் என்று நீ சொல்லித் தருவாய். ஆயுசு முழுக்க இப்படியே போனது. குடோனில் மட்டும்தான் நீ நீயாக இருந்தாய்.

இன்று பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரி அதிகாரி அம்மாள் குடோனுக்கு வந்தாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து மறுமுனை பிடிக்க நிலையான ஆள் கிடையாது. இன்றைக்கு வர வேண்டியவளும் வரவில்லை. குழுவில் ஒருவர் பேசுவதற்கு ஏற்கெனவே எழுந்து வந்து நின்றுவிட்டார். உன் முனையை நான் பிடித்துக்கொண்டு, என் முனையை அந்த அம்மாளின் கையில் கொடுத்தேன். மறுக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், "பின்னால யாரு மேடம்? ஒரு தடவை பாத்துக்கலாமா?" என்று குசுகுசுத்தாள்.

"அவங்க சொல்லாம திரை எறங்காது" என்றேன். நான் குசுகுசுக்கவில்லை.

முடிந்த பிறகு, துணியை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டாள். இது வேலையில் இருக்கிற துணி, தருவதற்கில்லை என்றேன். உன் பெயரைப் போடுவதாக இருந்தால் அந்தக் காலத்தில் தேறியவர்கள் வரிசையில் போடுங்கள், இல்லாவிட்டால் போடவே வேண்டாம் என்றும் சொன்னேன். நீ இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பாய். இழுக்க ஆளில்லை. கடை வீதி முழுக்கக் கேட்கும்படி கத்தித்தான் சொன்னேன்.