முன்னாள் பொறுப்பாளருக்கு

போன வாரம் புதன்கிழமை காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது உன்னிடமிருந்து ஒரு பதில் வந்தது. கேள்வி என்னுடையது கிடையாது. புதுச்சத்திரத்திலிருந்து யாரோ ஒருவர், ஆறரை மணி கடலூர் வண்டி இன்றைக்கு வருமா என்று நம் பஸ் செயலியில் கேட்டிருந்தார். பயணிகள் கேட்பதிலும் நாம் சொல்வதிலும் ஒரு நகல் எனக்கு வந்து விழும் என்பதுதான் உனக்குத் தெரியுமே. பதில் அனுப்பியவர் என்ற இடத்தில் உன் பெயர். பக்கத்தில் நீ வைத்திருந்த செம்பருத்திப் படம். தோசை தீய்ந்து புகை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். நீ ஆடி மாதமே போய்விட்டாயே.

அடுப்படியிலேயே நின்று படித்தேன். "அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம். தாங்கள் கேட்ட வண்டியின் டிரைவர் இன்று லீவு என்று கண்டக்டர் தெரிவித்தார். ஆறே முக்காலுக்குத் தனியார் வண்டி உண்டு. கூட்டம் ஜாஸ்தி இருக்கும். முன்பக்கம் ஏறினால் உட்கார இடம் கிடைக்கலாம். பத்திரமாகப் போய் வரவும்."

படித்து முடித்ததும் மூச்சு வந்தது. கூடவே பெரிய ஏமாற்றமும் வந்தது. இது நீ இல்லை. நீ எந்தப் பயணிக்கும் அன்புள்ள ஐயா போட்டவள் இல்லை. "வராது. 6.45 பிடிங்க." அவ்வளவுதான் உன் பதில். கொஞ்சம் மரியாதையாக எழுதேன் என்று நான் சொன்னால், "பஸ் புடிக்க ஓடுறவுங்களுக்கு மரியாதை எதுக்குடி, நேரம்தான் வேணும்" என்பாய்.

உன் கோபத்தில் பிறந்ததுதானே இந்தச் செயலி. நான் சிதம்பரத்தில் ஏறி உனக்கு ஜன்னலோரம் பையைப் போட்டு வைப்பேன். நீ பரங்கிப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து பி.முட்லூரில் ஏறுவாய். ஆலப்பாக்கம் தாண்டும்வரை பேச்சு. அப்புறம் நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாய். சிப்காட் ஆலைகளின் வாடை வந்தால்தான் எழுந்திருப்பாய். நீ மஞ்சக்குப்பத்தில் பள்ளிக் கணினி ஆசிரியை, நான் திருப்பாதிரிப்புலியூரில் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகத்தில். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை நிறுத்திவிட்டார்கள். முட்லூர் கூட்டுரோட்டில் வெயிலில் நின்று நீ கொதித்த கொதி இருக்கிறதே, அந்த வாரமே என்னை உட்காரவைத்து எழுத ஆரம்பித்துவிட்டாய். பள்ளிப் பிள்ளைகளை மிரட்டுவதுபோல என்னையும் மிரட்டி வேலை வாங்கினாய்.

எழுதியதை முதல் நாளே இணையத்தில் திறந்து வைத்தாய். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், தங்கள் ஊர் வண்டிகளுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். "நாம என்ன கம்பெனியாடி நடத்துறோம், பூட்டி வைக்க?" என்றாய். ஒவ்வொருவராக வந்து சேர்ந்து எட்டுப் பேர் ஆனோம். எல்லோரும் சொந்த வேலை முடித்த நேரத்தில் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை. வந்த திருத்தங்களில் எதைச் சேர்ப்பது, எதைத் திருப்பி அனுப்புவது, புதுப் பதிப்பை எப்போது விடுவது என்று முடிவு செய்ய ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பு தைக்குத் தை கை மாறும் என்று சட்டம் போட்டதும் நீதான். சேர்ந்த வரிசைப்படி முறை வரும். யார் கெட்டிக்காரர் என்ற பேச்சே கூடாது.

நான் சண்டை போட்டேன். மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் புவனகிரியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ராஜசேகர். அவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் என்றேன். ஆனதும் அதுதான். பொறுப்பை வாங்கிய வாரமே செயலி முழுக்க மாம்பழ மஞ்சள் பூசினார். நான் குதித்தேன். "யாரு நல்லாப் பண்ணுவாங்கன்னு பாக்க ஆரம்பிச்சா கடைசில நாம ரெண்டு பேருதான்டி மிஞ்சுவோம். அப்புறம் நமக்கு ஒரு காய்ச்சல் வந்தா பஸ்ஸு ஓடாது" என்று சிரித்தாய். மஞ்சள் ஒரு வருடம் இருந்தது. உனக்கு அது பிடித்திருந்தது என்பது என் சந்தேகம்.

இன்னொன்றும் செய்தாய். செயலியின் முகப்பில் இரண்டே பெயர்தான் இருக்கும். பொறுப்பாளர், முன்னாள் பொறுப்பாளர். பயணிகளின் கேள்விகள் எல்லாம் முன்னாளின் போனுக்குப் போகும். பதவி விட்டவர் ஒரு வருடம் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முந்தியவர்கள் பெயரையும் போடலாமே என்று ராஜசேகர் கேட்டதற்கு, "அப்புறம் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆயிடும் சார்" என்றாய்.

இரண்டாம் சுற்றில் நீ முடித்து என்னிடம் கொடுத்தது போன தையில். அதனால் முகப்பில் என் பெயர், அதன் கீழே உன் பெயர். நீ போன பிறகு கேள்விகளை நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். உன் போனை மட்டும் இணைப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவள் நான். எனக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கெல்லாம் ராஜசேகர் கூப்பிட்டுவிட்டார்.

"மேடம், அவுங்க கணக்க யாரோ தெறந்து பதில் போட்டுக்கிட்டு இருக்காங்க. செத்தவுங்க பேருல பதில் போறது நல்லால்ல மேடம். நீங்க மூடுங்க. இல்லன்னா தை பொறந்ததும் நான் வந்து மூடிர்றேன்."

அவர் சொன்னது சரி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. யார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பார்க்கவே வேண்டியதில்லை. முன்பக்கம் ஏறச் சொல்லிப் பத்திரமாகப் போகச் சொல்கிற ஆள் உன் வீட்டில் ஒருவர்தான்.

சனிக்கிழமை பரங்கிப்பேட்டை போனேன். உன் சிகிச்சைக்காகத் துபாயிலிருந்து வேலையை விட்டுவந்த உன் வீட்டுக்காரர், நீ போன பிறகு எப்படி ஆகிவிட்டார் என்று கத்தாரிலிருந்து உன் மகள் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். சரியாகச் சாப்பிடுவதில்லை, சர்க்கரை மாத்திரை போடுவதில்லை, வாசற்படி தாண்டுவதில்லை. "அத்தை, அத்தா உம்மா பின்னாடியே போகப் பாக்குறாரு" என்றாள். நான் போனபோது வாசலில் டூவீலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் உன் போன்.

"வாங்க தங்கச்சி" என்றவர், நான் கேட்பதற்கு முன்பே தானே சொல்லிவிட்டார். "மக போன்ல இருக்குற படத்தையெல்லாம் அனுப்பச் சொன்னா. சார்ஜ் போட்டேன். போட்டதுதான், டிங்கு டிங்குன்னு கேள்வியா வந்து விழுது. புதுச்சத்திரத்துக்காரரு ஒருத்தரு, சம்சாரத்துக்கு ரத்தம் சுத்தம் பண்ண வாரத்துக்கு ரெண்டு தடவ கடலூர் இட்டுக்கிட்டுப் போறாராம். வண்டி வருமான்னு கேக்குறாரு. பதில் வரலன்னா மனசு என்னா பாடுபடும்? அதான் முட்லூருக்குப் போயி நின்னு கேட்டுட்டு வந்து எழுதுனேன். தப்பா தங்கச்சி?"

தப்பு என்று எந்த வாயால் சொல்வேன்? புதன்கிழமையிலிருந்து தினம் காலையில் போகிறாராம். டைம் கீப்பர் அதற்குள் பழக்கமாகிவிட்டாராம். பேச்சோடு பேச்சாக, "அங்கேயே நாலு இட்லி சாப்ட்டுட்டு வந்துர்றேன்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தை பிறந்தால் உன் பெயர் முகப்பிலிருந்து இறங்கும், கேள்விகள் என் போனுக்கு வந்துவிடும் என்பதை அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. அவர் போட்டுத் தந்த இஞ்சி டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் எனக்கு ஒரே யோசனை. அந்த மனிதரை எழுப்பி நடக்கவைத்தது உன் போனில் வரும் அந்தச் சத்தம். அதை நானே எப்படி நிறுத்துவது?

ராஜசேகரிடம் சொன்னேன். எப்போதும் ஊருக்கே கேட்கிறாற்போல் பேசுகிறவர், குரலை இறக்கிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல மேடம். இந்த வருசமும் நீங்களே இருங்க. அவுங்க பேரும் அப்படியே இருக்கட்டும். பாய் போய்ட்டு வந்துக்கிட்டு இருக்கட்டும்" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கும் அதுதான் ஆசை. உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இன்னும் ஒரு வருடம் இருக்கும் அல்லவா?

ஆனால் போன தையில் இதே பேச்சை நான் உன்னிடம் பேசினேன். அப்போதே உனக்குத் தலைமுடி போய்விட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, பொறுப்பை என் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தாய். நான் உன் கையைப் பிடித்தேன். வேண்டாம், நீ இருக்கிறவரைக்கும் நீயே இரு, வேலையை நான் செய்கிறேன் என்றேன்.

"நான் இருக்குறப்பவே குடுத்தாதானடி நீ எங்கிட்ட கேக்க முடியும்" என்றாய்.

அதன் பிறகு ஆறு மாதம் நான் உன்னைக் கேள்வி கேட்டே கொன்றேன். தெரிந்ததையும் கேட்டேன். நீ கண்டுபிடித்துவிட்டாய். "ஒனக்குத் தெரிஞ்சதையே எங்கிட்ட கேக்குறியா? கேளு, கேளு. நல்லாருக்குது" என்றாய். கடைசி வாரத்தில் பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாய். அதுவும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

முகப்பில் உன் பெயரை வைத்துக்கொண்டே இருந்தால், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இல்லாத ஆளைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். உன் வீட்டுக்காரரும் உன் பெயருக்குள் ஒளிந்துகொண்டே இருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் இரண்டு நாள் கடத்தினேன். பிறகு அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில் சொன்னதையும் சொன்னேன்.

"அப்படியா சொன்னா?" என்றார். "எங்கிட்ட சொல்லலியே." அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரிதான் தங்கச்சி. மாத்திருங்க. ஆனா ஒண்ணு. நீங்க இப்ப வீட்லருந்தே வேல பாக்குறீங்க. முட்லூர்ல வண்டி வந்துச்சா வரலயான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்களத்தாண்ணே கேப்பேன்."

"அப்ப என்னயும் சேத்துக்குங்க. எம் பேருலயே."

உன் இடத்திலேயே போட்டுவிடலாம், வரிசையில் எனக்கு முன்னால் வரும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. "அது அவ எடம். புதுசா வர்றவன் கடைசிலதான் நிக்கணும்" என்றார். உன்னோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்தவர் வேறு எப்படிப் பேசுவார்?

இன்று தை முதல் நாள். பொங்கல் பானையை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எல்லோரும் போனில் கூடினோம். மாற்று என்ற இடத்தை அழுத்தினேன். பொறுப்பாளர் ராஜசேகர். முன்னாள் பொறுப்பாளர் நான். உன் பெயர் முகப்பில் இல்லை. "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று ராஜசேகர் இரண்டு தடவை கேட்டார். வாய்விட்டு அழுதேன் என்பதை உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம். உன்னை இரண்டாம் தடவை அனுப்பிவைத்த மாதிரி இருந்தது.

மதியத்துக்குள் மூன்று கேள்விகள் என் போனுக்கு வந்துவிட்டன. பண்டிகை நாள், வண்டிகள் கண்டபடி ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வண்டி, டிரைவர், கூட்டம், எந்தப் பக்கம் ஏறுவது என்று ஒரு கதையே சொல்கிறார். முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு உன் மாதிரி ஒரே வரியில் பதில் போடுகிறேன். இந்த வருடம் முழுக்க எனக்கு இதுதான் வேலை.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொன்றைச் சொல்ல. காலையில் பொறுப்பு மாறியதும் ராஜசேகர் புது வரிசையை எல்லோருக்கும் வாசித்தார். தனக்குப் பின்னால் வருகிற ஐந்து பேர், சுற்று முடிந்து மறுபடி நான், கடைசியில் உன் வீட்டுக்காரர்.

"அப்ப எம் மொற எப்ப வரும்?" என்று கேட்டார் அவர்.

"எட்டாவது வருசம் பாய்" என்றார் ராஜசேகர்.

பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து அவர் வருடங்களை எண்ணுவது கேட்டது. நீ போனதிலிருந்து நாளைக்கு என்றுகூட ஒரு வார்த்தை சொல்லாத மனிதர்.

"எட்டு வருசமா" என்றார். "அப்ப சக்கர மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போட்டுக்கணும்."